எல்லாம் எழுதி வைத்த விடுதி

ஜசிந்தாவுக்கு அந்த ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கூடம் நிறைய ஆள் இருந்தார்கள். பேச்சு மட்டும் இல்லை.

சாயங்கால நேரம். போர்ட்டோவில் அக்டோபர் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. ஊர் சுற்றப் போனவர்கள் எல்லோரும் நனைந்துகொண்டே விடுதிக்குத் திரும்பியிருந்தார்கள். நீள சோபாவில் ஒரு ஆஸ்திரியப் பெண். ஜன்னலோரம் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். சாப்பாட்டு மேஜையின் இந்த முனையில் ஒரு கனடாக்காரர் ரொட்டிக்குள் சீஸ் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். அந்த முனையில் ஒரு கொரியப் பெண் ஈரக் காலுறையை நாற்காலி முதுகில் விரித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் கடந்து போனால் இன்னொருவர் காலை மடக்கி வழிவிட்டார். சின்னதாக ஒரு சிரிப்பு. அப்புறம் அவரவர் போனுக்குள் போய்விட்டார்கள். சாப்பிட்டவர்கள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாடிக்குப் போனார்கள். கட்டிலின் திரையை இழுத்துவிட்டுக்கொள்ளும் சரக் சரக் சத்தம் கீழே வரைக்கும் கேட்டது.

"என்ன தாயே, எழவு வீடு தோத்துடும் போலிருக்கே!" என்றான் டினிஸ். வரவேற்பு மேஜையில் அவளோடு முறை மாற்றி உட்காருகிறவன் அவன்.

"மெதுவா பேசுடா. காதுல விழப்போகுது."

"விழட்டுமே. நம்ம போர்த்துகீசியம் இங்க எவனுக்குத் தெரியும்? எழவு வீட்லயாவது மூலைக்கு ஒருத்தர் அழுவாங்க."

அவன் சொன்னது சரி என்பதுதான் ஜசிந்தாவுக்கு எரிச்சல்.

இந்த மாதிரி விடுதிக்கு வருகிறவர்கள் முதுகுப்பையோடு, எண்ணி எண்ணிச் செலவழிக்கிற கையோடு வருகிறவர்கள். ஓர் அறைக்குள் அடுக்குக் கட்டில்கள் எட்டு. குளியலறை பொது, சமையலறை பொது. முன்பின் தெரியாதவனின் குறட்டையையும் ஈரத்துண்டு நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு ஏன் தங்குகிறார்கள்? மலிவு என்பது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. காலையில் தனியாக வந்து இறங்கியவன், சாயங்காலம் நாலு பேரோடு சேர்ந்து ஆற்றங்கரைக்குப் போவான். அந்த இரண்டாவது காரணம் காணாமல் போனால் மிஞ்சுவது குறட்டை மட்டும்தான்.

முன்பெல்லாம் இந்த வீடு அப்படி இல்லை. சத்தம் தாங்காமல் எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து திட்டியதுண்டு. அப்புறம் வீட்டைப் புதுப்பித்தார்கள். ஜசிந்தா பொறுப்பாளராக வந்ததும் அப்போதுதான். மெத்தைகள் மாறின, குளியலறைகள் மாறின, பழைய கேஸ் அடுப்பு போய்க் கண்ணாடி பதித்த இண்டக்‌ஷன் அடுப்பு வந்தது. எல்லாம் நன்றாக ஆனது. அதோடு பேச்சும் நின்றது.

வீட்டின் சொந்தக்காரி டோனா எர்மெலிண்டா; 'டோனா' என்பது அங்கே மூத்த பெண்களுக்கான மரியாதைச் சொல். அந்த வாரம் அவள் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்து, ஜசிந்தாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"மகளே, கட்டிலுக்கு நல்ல மார்க் போடறாங்க. சுத்தத்துக்கு நல்ல மார்க். ஆனா ஒருத்தன்கூடத் திரும்பி வரமாட்டேங்கறானே. இவன் எழுதியிருக்கறதைப் பாரு. 'எல்லாம் சரியாக இருந்தது. ஏனோ தனியாக இருந்தது.' இதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியல டோனா. நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"லிஸ்பன்லேருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்து பார்த்துட்டுப் போனான். வாசக்கதவுக்கு நம்பர் பூட்டு. உள்ளே பெட்டி பெட்டியாக் கட்டில். வரவேற்பு மேஜை வேணாம், ஆளே வேணாம்கறான். சமையல்கட்டை இடிச்சு அதுலயும் கட்டில் போடுவானாம். கிறிஸ்துமஸ் முடியட்டும், சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"உங்களுக்கு அதுல இஷ்டமா?"

"எனக்கு எதுக்கு இஷ்டம்? நான் கல்யாணமாகி வந்த வீடு இது. ஆனா மகளே, ஆள் இருந்தும் ஆளில்லாத வீடு மாதிரி இருக்கும்னா, அதை அவனே நடத்திட்டுப் போகட்டும். நீ ஏன் சம்பளத்துக்கு இங்க உக்காந்து கஷ்டப்படணும்?"

ஜசிந்தா கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. புதன்கிழமை சீட்டாட்டம் என்று அறிவித்தாள். இரண்டு பேர் வந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கிதார் வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். அது சாய்ந்தபடியே இருந்தது. சட்டையில் பெயர் எழுதி ஒட்டிக்கொள்ளச் சொன்னாள். ஒருவர் நெஞ்சை ஒருவர் படித்துவிட்டுத் தலையசைத்துக்கொண்டார்கள். பெரிய பாத்திரத்தில் கீரை சூப் வைத்து எல்லோருக்கும் இலவசம் என்றாள். எல்லோரும் வந்தார்கள், வரிசையில் நின்றார்கள், கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அவரவர் மூலைக்குப் போனார்கள்.

"சூப்பு நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றாள் டினிஸிடம்.

"உங்கிட்டதானே சொன்னாங்க?"

"ஆமா."

"அவங்களுக்குள்ள ஒண்ணும் சொல்லிக்கலையே!"

எரிச்சலாக இருக்கும்போது ஜசிந்தா ஒரு காரியம் செய்வாள். புதிதாக ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டுவாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு பிரியம். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்வதும், புரிந்ததை அடுத்தவருக்குத் தெளிவாகச் சொல்வதும் அவளுக்குச் சாப்பாடு மாதிரி. சமையலறைச் சுவரில் அவள் கையால் வரைந்த படம் ஒன்று இருந்தது. இண்டக்‌ஷன் அடுப்பில் கண்ணாடி சுடுவதில்லை, அடியில் இருக்கும் கம்பிச் சுருள் பாத்திரத்தின் அடியையே சுட வைக்கிறது, அதனால் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் உதவும், அவைதாம் சிவப்புக் கைப்பிடி போட்டவை. முதலில் பாத்திரத்தை வையுங்கள், பிறகு சாவிப் படத்தின் மேல் விரலை வைத்து, 'பீப்' என்று சத்தம் வரும் வரை எடுக்காதீர்கள். நாலு கட்டத்தில் நாலு படம். குழந்தைக்குக்கூடப் புரியும்.

குளியலறையில் ஒன்று, துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஒன்று. எந்த டிராம் எங்கே போகும், எந்தக் கடையில் ரொட்டி மலிவு, மழை பெய்தால் எங்கே போகலாம், வைஃபை கடவுச்சொல், ஜன்னல் கொக்கியைத் தூக்கித் திறக்க வேண்டும் என்பது, குப்பை எந்த வாளியில் என்பது. பதில் எழுதாத கேள்வி என்று அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. பிராகான்சா என்ற சின்ன ஊரிலிருந்து போர்ட்டோவுக்குப் படிக்க வந்த புதிதில், எந்த பஸ் கல்லூரிக்குப் போகும் என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க வாய் வராமல், நிறுத்தத்தில் நின்று நின்று மூன்று பஸ்களைப் போகவிட்டவள் ஜசிந்தா. அன்றைக்கு அங்கே ஒரு பலகை இருந்திருந்தால் போதும். தன் விடுதிக்கு வருகிற எவரும் அப்படி வாய் வராமல் நிற்கக் கூடாது என்பதற்காகவே அவள் அத்தனையும் எழுதி வைத்திருந்தாள்.

சூப் வைத்த அன்றும் புது அறிவிப்பு ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தவளிடம் டினிஸ் கேட்டான்: "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கமாட்டியே? நீ என்னிக்காவது ஒரு ஹாஸ்டல்ல காசு குடுத்துப் படுத்திருக்கியா?"

"நான்தானே ஹாஸ்டல் நடத்தறேன்!"

"நடத்தறது வேற. சமையக்காரன் சாப்பாட்டை ருசி பார்ப்பான், பசியோட உக்காந்து சாப்பிடமாட்டான். லீவு போட்டுட்டுப் போயேன். பை ஒண்ணைத் தூக்கி முதுகுல போடு. மலிவா எங்க டிக்கெட் கிடைக்குதோ அங்க போ."

மலிவாகக் கிடைத்தது பொலோன்யா நகருக்கு. அங்கே அவள் தங்கிய விடுதிக்குள் நுழைந்ததுமே மனசு குளிர்ந்துபோனது. அவளைப் போலவே யாரோ ஒரு ஆள் அதை நடத்தினார். வாசலில் படம் போட்டு எழுதியிருந்தது, அறையில் எழுதியிருந்தது, ஷவரில் எழுதியிருந்தது. ஒரு தொழிற்காரன் இன்னொரு தொழிற்காரனின் வேலையைப் பார்ப்பது போல ஒவ்வொன்றாக நின்று படித்தாள். எங்கே என்ன இருக்கிறது என்று தேட வேண்டியதே இல்லை. பகலெல்லாம் தூண்கள் தாங்கிய நடைபாதைக் கூரைகளின் கீழே மழையில் நனையாமல் நடந்தாள். சாயங்காலம் சமையலறையில் பாஸ்தா வேக வைத்துச் சாப்பிட்டாள். திரையை இழுத்துவிட்டுத் தூங்கினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அங்கிருந்து லியுப்லியானா நகருக்குப் பஸ் ஏறியபோது ஓட்டுநர் பெயர் கேட்டார். "ஜசிந்தா" என்று சொல்ல வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து தவளைச் சத்தம் மாதிரி ஒன்று வந்தது. கனைத்துக்கொண்டு திரும்பச் சொன்னாள். இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. விமான நிலையத்தை விட்டதிலிருந்து அவள் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாது என்று இருக்கவில்லை. பேச வேண்டிய அவசியமே வரவில்லை.

லியுப்லியானாவில் பார்த்தது நேர் எதிர். ஆற்றை ஒட்டிய சந்தில் ஒரு பழைய வீடு. மேஜைக்குப் பின்னால் காலை நீட்டிக்கொண்டு போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான் காஷ்பர் என்பவன். சாவியைத் தூக்கிப் போட்டான். சுவரில் ஒரு காகிதம் இல்லை.

"சுடுதண்ணி எப்படி வரும்?" என்று கேட்டாள் ஜசிந்தா.

"மேல நெஸ்டான்னு ஒருத்தி இருக்கா. நேத்துதான் வந்தா. அவளைக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பினான்.

இதுவும் ஒரு விடுதியா என்று ஜசிந்தாவுக்கு ரத்தம் கொதித்தது. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் போய்ச் சுடுதண்ணீர் பற்றி யார் கேட்பார்கள்? கேட்கவில்லை. குளிக்கப் போனாள். குழாயைக் கொஞ்சமாகத் திறந்து கையை நீட்டிப் பார்த்தாள். தண்ணீர் வெதுவெதுப்பாக ஆகும் என்று காத்திருந்து, ஆகாது என்று தெரிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை நீட்டினாள். ஐஸ். அவள் போட்ட கத்தலுக்குக் குளியலறைக் கதவு தட்டப்பட்டது.

"யாரும்மா உள்ள? செத்துகித்துப் போயிட்டியா?"

"பச்சத்தண்ணியா வருது!"

"ஐயோ, கொஞ்சமாத் திறந்தியா? கொஞ்சமாத் திறந்தா அது உன்னை மதிக்காது. முழுசாத் திற. ரெண்டு பக்கமும் முழுசா! ஆங்... இப்ப பச்சத்தண்ணியை மட்டும் மெல்லக் குறை. வருதா?"

வந்தது. ஆவி பறக்க வந்தது.

துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் இடுப்பில் கைவைத்தபடி நாற்பது வயசுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். நெஸ்டான். ஜார்ஜியா நாட்டிலிருந்து வருகிறாள். ஊரில் பல் வைத்தியரிடம் வேலை.

"நேத்து நானும் இப்படித்தான் கத்தினேன்" என்றாள். "ஏன் அப்படிப் பண்ணுதுன்னுதான் தெரியல. வீம்பு பிடிச்ச குழாய்."

"வீம்பெல்லாம் இல்லீங்க" என்றாள் ஜசிந்தா. அடக்க முடியவில்லை அவளுக்கு. "கேஸ் ஹீட்டர் அது. தண்ணி வேகமா ஓடினாத்தான் உள்ள நெருப்பு பத்தும். கொஞ்சமாத் திறந்தா, யாருமே குழாயைத் திறக்கலைன்னு அது நினைச்சுக்கும்."

நெஸ்டான் கண்ணை விரித்தாள். "அட! பாரேன். எனக்கு வழி தெரியுது, காரணம் தெரியல. உனக்குக் காரணம் தெரியுது, வழி தெரியல. வா, பீன்ஸ் வாங்கிட்டு வந்திருக்கேன். ரெண்டு பேருக்குக் காணும்."

பீன்ஸ் வெந்துகொண்டிருக்கும்போது நெஸ்டான் தன் மகளைப் பற்றிச் சொன்னாள், மாமியாரைப் பற்றிச் சொன்னாள், இருபது வருஷமாக அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் உலகம் எவ்வளவு சிறிதாகிவிடும் என்று சொன்னாள். ஜசிந்தாவும் பேசினாள். கைமாறப் போகிற விடுதியைப் பற்றி எல்லாம் பேசினாள்.

மறுநாள் மத்தியானம் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது குளியலறையில் ஓர் ஆண் குரல் அலறியது. நெஸ்டான் ஊர் சுற்றப் போயிருந்தாள். ஜசிந்தா யோசிக்கவில்லை. எழுந்து ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"முழுசாத் திறங்க! ரெண்டு பக்கமும் முழுசா! அப்புறம் பச்சத்தண்ணியைக் குறைங்க!"

"கடவுளே, நீங்க நல்லா இருக்கணும்!" என்று பதில் வந்தது. கோர்மக் என்ற அயர்லாந்துக்காரர் அவர். குளித்து முடித்து வந்தவருக்கு அவளே அடுப்பைக் காட்டினாள். உப்பு எந்த அலமாரியில் என்று காட்டினாள். எந்த நாற்காலிக்குக் கால் ஆடும் என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டே போகும்போது, ஏதோ இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் போல ஒரு மிதப்பு உள்ளே ஏறியது. நேற்று இதே வீட்டை நினைத்து ரத்தம் கொதித்தது. இன்று யாராவது இதைக் குறை சொன்னால் சண்டைக்குப் போவாள் போலிருந்தது.

அன்று ஆற்றங்கரையில் உட்கார்ந்து அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கேட்டவளுக்கு ஒரு வேலை நடந்தது, அவ்வளவுதான். சொன்னவளுக்குத்தான் வீடு சொந்தமாகிறது. போர்ட்டோவில் தினமும் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது யார்? சுவர். அந்தச் சுவர் ஜசிந்தா. வந்தவர்களில் ஒருவருக்குக்கூட இன்னொருவரிடம் சொல்ல ஒன்றும் மிச்சம் வைக்காமல், அத்தனை மிதப்பையும் அவள் ஒருத்தியே அள்ளிக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பிய அன்றே காகிதங்களைக் கிழித்தாள். அடுப்புப் படத்துக்கு வந்தபோது கை நின்றது. வரைவதற்கு அவ்வளவு பாடுபட்ட படம். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். தீ பிடித்தால் எந்த வழியாக வெளியேறுவது என்பதையும், அவசர எண்களையும் மட்டும் விட்டுவைத்தாள். அவை விளையாட்டில்லை.

"சுவருக்கு மொட்டை போட்டாச்சா?" என்றான் டினிஸ். "வேண்டுதலா?"

"பொறுத்துப் பாரு."

பொறுத்துப் பார்த்ததில் நடந்தது வேறு. சாயங்காலம் வரவேற்பு மேஜை முன்னால் வரிசை நின்றது. வைஃபை என்ன? அடுப்பு ஏன் எரியவில்லை? ஜன்னல் திறக்கவில்லையே! எல்லோரும் மேஜைக்கு வந்தார்கள், பதிலை வாங்கிக்கொண்டு அவரவர் மூலைக்குப் போனார்கள். சூப் வரிசையேதான், சூப்புக்குப் பதிலாகப் பதில்.

"அம்மா தாயே" என்றான் டினிஸ், தண்ணீரைக் குடித்துவிட்டு. "நீ சுவத்துல கிழிச்ச. அவங்க என் தொண்டையைக் கிழிக்கறாங்க."

வரிசைக்கு வராத ஒருவரும் இருந்தார். இல்மாரி என்ற ஃபின்லாந்துக்காரர். இரண்டு வாரம் தங்குவதாக வந்திருந்தார். உயரமான ஆள், கதவுக்குள் வரும்போது மன்னிப்புக் கேட்பது போலத் தலையைக் குனிந்துகொள்வார். ஒரு பை நிறைய உருளைக்கிழங்கும் முட்டையும் வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். கண்ணாடி அடுப்பின் முன்னால் நின்றார். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் மைத்தே என்ற பாஸ்க் பெண் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இல்மாரி அவளைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து உருளைக்கிழங்கை அப்படியே பைக்குள் போட்டு, காய்ந்த ரொட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டே மாடிக்குப் போய்விட்டார்.

கதவோரம் நின்று பார்த்த ஜசிந்தாவுக்குச் சுருக்கென்றது. அன்று பஸ் நிறுத்தத்தில் நின்ற ஜசிந்தாவேதான் இவர். கேட்கத் தெரிந்தவர்கள் எந்த வீட்டிலும் பிழைத்துக்கொள்வார்கள். கேட்க வாய் வராதவரைக் காயவிட்டுவிட்டு, இது என்ன வழி?

லியுப்லியானாவில் நடந்ததைத் திரும்ப ஒவ்வொரு படியாக நினைத்துப் பார்த்தாள். அவளும்தான் அங்கே கேட்கவில்லை. நெஸ்டான்தான் தானாக வந்து சொன்னாள். காஷ்பர் சோம்பேறித்தனத்தில் சொன்னானோ, தெரிந்தே சொன்னானோ, ஒரு பெயரைச் சொல்லியிருந்தான். நேற்று வந்தவள் என்றும் சொல்லியிருந்தான். அவன் செய்யாமல் விட்டது ஒன்றுதான்: எழுந்து நாலு படி ஏறி, இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. அந்த வேலையைக் குளிர்ந்த தண்ணீரும் கத்தலும் செய்ய வேண்டியிருந்தது.

மறுநாள் காலை இல்மாரி கீழே வந்ததும் ஜசிந்தா எழுந்து போய், அவரைச் சமையலறைக்குள் அழைத்துக்கொண்டு போனாள்.

"மைத்தே, இவர் இல்மாரி. உங்களுக்கு அடுத்து வந்தவர். இல்மாரி, இவங்க மைத்தே. இந்த வீட்டை இவங்கதான் உங்களுக்குக் காட்டப் போறாங்க."

"நானா?" என்றாள் மைத்தே. "எனக்கே ஒண்ணும் தெரியாதே."

"நேத்து சமைச்சீங்களே. அது போதும்."

சொல்லிவிட்டு ஜசிந்தா வெளியே வந்துவிட்டாள். உள்ளே மைத்தேயின் குரல் கேட்டது. "இந்த அடுப்பு ஒரு பைத்தியம். முதல்ல பாத்திரத்தை வைக்கணும். நம்ம விரலோட சூட்டை அது தெரிஞ்சுக்கணும், அதனால சாவி மேல நல்லா அழுத்திப் பிடிக்கணும்..."

விரலின் சூடு இல்லை, கம்பிச் சுருள், காந்தம். ஜசிந்தாவின் கால் தானாக உள்ளே ஒரு அடி எடுத்து வைத்தது. டினிஸ் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

"விடு."

"தப்பாச் சொல்றாடா!"

"அடுப்பு எரியுதில்ல?"

எரிந்தது. உருளைக்கிழங்கு வதங்கும் வாசனை வந்தது. ஜசிந்தா உதட்டைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலைகளில் அது ஒன்று.

அன்று மத்தியானம் ஒரு ஹங்கேரியப் பையன் வந்தான். டினிஸ் அவனை இல்மாரியிடம் கொண்டுபோய் நிறுத்தினான். இல்மாரி சிவந்துபோனார். ஆனால் எழுந்தார், தலையைக் குனிந்துகொண்டு முன்னால் நடந்தார். ஜன்னல் கொக்கியைத் தூக்கிக் காட்டினார். அடுப்பின் முன்னால் நின்று, "இதுக்கு நம்ம விரல் சூடு தெரியணும்" என்றார். அன்று சாயங்காலம் மூன்று பேரும் ஒரே சட்டியில் சமைத்தார்கள். நாலாவதாக வந்தவரை யார் அழைத்தார்கள் என்று ஜசிந்தாவுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் டோனா எர்மெலிண்டா யாருக்கும் சொல்லாமல் வந்தாள். மேஜையில் ஆள் இல்லை. ஜசிந்தா மாடியில் போர்வை மாற்றிக்கொண்டிருந்தாள். நேரே சமையலறைக்குப் போய் காபி போடலாம் என்று அடுப்பின் முன்னால் நின்றாள் டோனா. பழைய கேஸ் அடுப்பைத்தான் அவளுக்குத் தெரியும்; இந்தக் கண்ணாடிப் பலகையை அவள் தொட்டதே இல்லை. மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் காரட் நறுக்கிக்கொண்டு, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு இருந்தார்கள். உயரமான ஒருவர் எழுந்து வந்தார்.

"இன்னிக்குத்தான் வந்தீங்களா?" என்றார் இல்மாரி, தன் மெல்லிய குரலில். "வாங்க, நான் காட்டறேன். முதல்ல பாத்திரம். அப்புறம் விரலை இங்க வச்சு, அது கத்தற வரைக்கும் எடுக்காதீங்க."

அடுப்பு 'பீப்' என்றது. டோனாவும் ஏறக்குறைய அதே சத்தம் போட்டாள்.

"சர்க்கரை அந்த அலமாரியில. அந்த நாற்காலியில உக்காராதீங்க, ஆடும். தனியா வந்திருக்கீங்களா? நாங்க எல்லாம் சாப்பிட்டுட்டு ஆத்தங்கரைக்குப் போறோம். நீங்களும் வரலாம்."

ஜசிந்தா போர்வைக் குவியலோடு கீழே இறங்கி வந்தபோது, டோனா மேஜையின் நடுவில் உட்கார்ந்து காரட் சீவிக்கொண்டிருந்தாள்.

"இது என் வீடுன்னு சொல்லிடாதே" என்றாள் போர்த்துகீசியத்தில், நிமிர்ந்து பார்க்காமல். "அந்த நெட்டைக்காரன் பாவம், ரொம்பப் பெருமையாக் காட்டினான்."

"சொல்லமாட்டேன் டோனா. லிஸ்பன் கம்பெனிக்காரன்?"

"வேணாம்னு போன் பண்ணிடறேன். சமையல்கட்டை இடிக்கறதாம், சமையல்கட்டை!" கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஆனா இதை எப்படி மகளே பண்ணினே? நீ லீவு போட்டா இது நிக்குமா? டினிஸுக்கும் தெரியணும், நாளைக்கு வேற யாராவது வந்தாலும் தெரியணும். எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

ஜசிந்தா போர்வைகளைக் கீழே வைத்தாள். இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாளாகக் காத்திருந்தாள்!

"ரொம்ப சுலபம் டோனா. தீ, ஆபத்து சம்பந்தப்பட்டதை மட்டும் சுவத்துல எழுதி வைக்கணும். மத்த எதையும் எழுதவும் கூடாது, மேஜையில இருக்கறவங்க சொல்லவும் கூடாது. இன்னிக்கு வர்றவருக்கு வீட்டைக் காட்டறது நேத்து வந்தவரோட வேலை. நேத்து யாரும் வரலைன்னா, அதுக்கு முந்தி வந்தவரோட வேலை. வந்தவர் தானாப் போய்க் கேக்கட்டும்னு மட்டும் விட்டுடக் கூடாது. கேக்க வாய் வராதவங்க இருப்பாங்க. நாம எழுந்து போய், ரெண்டு பேர் பேரையும் சொல்லி, எதிரெதிரே நிறுத்திட்டு, உடனே வெளிய வந்துடணும். அவ்வளவுதான்."